கட்டைவிரல் இல்லாத கைக்கு ஒரு கொம்புப் பிடி

நோரீன் ஹாக்ஸ்டாட் என் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தது சண்டை போடத்தான். அவள் புருஷன் என்னிடம் வாங்கிப் போயிருந்த பழைய ரிவால்வரை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று டகோட்டா போன மனுஷன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டானாம். நாயை மட்டும் வைத்துக்கொள்வாளாம், துப்பாக்கி வேண்டாமாம். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்தாள். மான்கொம்புப் பிடி போட்ட ஒன்றை நான் பெருமையாக நடுவில் வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "இது கடிக்குமே" என்றாள்.

"துப்பாக்கி கடிக்காதும்மா, சுடும்."

"நீங்க சுட்டுப் பாத்தீங்களா? சுண்டுவிரலுக்குக் கீழ, உள்ளங்கைல, செவந்து போயிருக்குமே. காட்டுங்க கையை."

நான் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். சிவந்துதான் போயிருந்தது. கடை வைத்து முடி நரைத்தவன் நான். ஆரின் ப்ளெச்சராகிய நான் விற்ற துப்பாக்கி இல்லாத வீடு எங்கள் கோபர்ன் ஊரில் கிடையாது. நேற்று ஊருக்கு வந்தவள் என் கண்ணாடிப் பெட்டியைக் குறை சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? வந்த கோபத்தில், "அப்போ நீயே செஞ்சு காட்டு" என்று சொல்லிவிட்டேன். அதைச் சவால் என்று எடுத்துக்கொண்டவள் இன்றுவரை என் பின்னறையைக் காலி செய்யவில்லை.

க்ரேட் ஃபால்ஸ் நகரத்தில் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள் அவள். மருத்துவர் வாய் அளவு எடுத்து அனுப்புவார். அந்த அளவுக்கு மேல்பல், கீழ்பல், ஈறு எல்லாம் செய்து கொடுப்பது இவர்கள். ஒரு மயிரிழை உயரமாக இருந்தால் போதும், போட்டுக்கொண்ட ஆள் சோற்றைக் கண்டு அழுவான். புதுச் செருப்பு கடித்தால் கழற்றித் தூக்கிப் போடலாம், பல்செட் கடித்தால் எங்கே போவது என்பாள். வாய்க்குள் செய்த அந்த வேலையைத்தான் அவள் கைக்குள் கொண்டுவந்தாள்.

ரிவால்வரின் பிடி என்பது இரும்புச் சட்டத்தின் இரண்டு பக்கமும் வைத்து, ஒரே திருகாணியால் முடுக்கும் இரண்டு தகடுகள்தான். கேட்க எளிது. ஆனால் அந்தக் காலத்து ரிவால்வர்களின் சட்டத்தைக் கையால் தேய்த்தே முடித்தார்கள், அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்றின் பிடி மற்றொன்றுக்குச் சேராது. கொம்போ அதைவிட முரடு. வெளியே மரப்பட்டை போல மேடும் பள்ளமுமாக இருக்கும், உள்ளே பஞ்சு போன்ற சோறு இருக்கும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் அந்தச் சோறு வெளியே எட்டிப் பார்க்கும், அத்தோடு அந்தத் துண்டு குப்பைக்குத்தான். வேகமாகத் தேய்த்தால் சூடாகி மஞ்சள் பூத்துவிடும். நாற்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தலைமுடி கருகுகிற அந்த வாடையில் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வாசலிலேயே நின்று பேசப் பழகிக்கொண்டார்கள்.

"ஏம்மா, ஜன்னலையாவது தெறந்து வையேன்."

"தெறந்தா தூசி உன் ரொட்டில விழும். யோவ் ஆரின், உனக்குத்தான சொல்றேன், சாப்பாட்ட மூடி வை."

முகத்தில் மூடியைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் ஈரத்துணி வைத்து, சூடேற ஏறத் துடைத்துத் துடைத்துத் தேய்ப்பாள். தகட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் நீலத்தாள் ஒன்றை வைத்து முடுக்குவாள். பல் வைத்தியர்கள் 'கடிங்க' என்று சொல்லி நம் வாயில் வைப்பார்களே, அதே தாள்தான். கழற்றிப் பார்த்தால் எங்கே இரும்பு உரசுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு தடவை. மறுபடி தாள், மறுபடி முடுக்கு. நீலம் எங்கும் ஒரே சீராகப் பூசியது போல வரும்வரை விடமாட்டாள். நான் பார்த்தவர்களில் இவ்வளவு பொறுமையும் இவ்வளவு கெட்ட வாயும் சேர்ந்த ஆள் வேறு யாரும் இல்லை.

அடக்கம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பாள். "இந்த மாநிலத்துல என்னை மாதிரி செய்ய ஆள் இல்ல" என்று வாடிக்கையாளரிடமே சொல்வாள். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

தன் வேலைக்கென்று இரண்டு சட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒன்று, பிடி கேட்டு வருகிறவன் முதலில் கையைக் கொடுக்க வேண்டும். குலுக்குகிற சாக்கில் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். விரல் நீளம், உள்ளங்கைச் சதை, எங்கே காய்ப்பு, எங்கே மூட்டு மடங்கவில்லை, எல்லாம் தடவிப் பார்ப்பாள். மாடு பிடிக்கிற முரட்டு ஆட்கள் காது சிவந்து நிற்பார்கள். பிறகு பல் அளவு எடுக்கிற ரோஜா நிற மாவைக் குழைத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தச் சொல்வாள். அந்த அச்சுகள் எல்லாம் பின்னறைப் பலகையில் வரிசையாக இருக்கின்றன. தெரியாமல் உள்ளே போன ஒருவர், வெட்டின கைகள் என்று நினைத்து வெளியே ஓடிவந்தார்.

இரண்டாவது சட்டம், பிடியை வாங்கிப் போனவன் அதை ஒரு தடவை வேலைக்கு எடுத்த பிறகு திரும்பி வந்தாக வேண்டும். அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்: "எங்கயாவது கடிச்சுதா?" கடித்தது என்றால் வாங்கித் தேய்த்துக் கொடுப்பாள். கடிக்கவில்லை என்றால், "எனக்குத் தெரியும்" என்பாள். அவ்வளவுதான்.

லைல் டைகன் வந்தது ஒரு செப்டம்பரில். ஊருக்கு வடக்கே மாடு வளர்ப்பவன், எழுபதை நெருங்குகிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு வம்பு வளர்ப்பவன். அந்த வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும்போது வலது கட்டைவிரலைத் தொலைத்திருந்தான். எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. வீசிய கயிறு மாட்டின் கழுத்தில் விழுந்ததும் மறுமுனையைச் சேணத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்ந்திருக்க வேண்டும். நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒரு நொடி கவனம் தப்பும். கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் விரல் மாட்டும். லைலுக்கு அடியில் ஒரு மொட்டுத்தான் மிச்சம்.

"என்னய்யா, லிஃப்ட் கேக்கக் கட்டைவிரல் இல்லன்னு நடந்தே வந்தியா?" என்றேன்.

"உன் கடைக்கு வர்றதுக்கு விரல் எதுக்கு? மூக்கு போதும்," என்றான்.

கோணிப்பையிலிருந்து அவன் தாத்தா காலத்து ரிவால்வரை எடுத்து வைத்தான். பின்புறத்துச் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் சுடும் பழைய வகை. கறுப்பு ரப்பர்ப் பிடி சுருங்கி, வழுவழுத்து, ஒரு மூலையில் விரிந்திருந்தது. அப்புறம் இரண்டு கொம்புகளை எடுத்தான். ஒரே மான் உதிர்த்த ஜோடி. கோவேறு கழுதைக் காது கொண்ட எங்கள் ஊர் மான் கொம்பு பொதுவாக ஒல்லி. பிடி செய்ய இந்தியாவின் மிளாக் கொம்புதான் கெட்டி, ஆனால் அங்கிருந்து ஏற்றுமதியை நிறுத்தி எவ்வளவோ காலமாகிவிட்டது. லைல் கொண்டுவந்ததோ, அடிப்பகுதியைக் கையால் சுற்றிப் பிடிக்க முடியாத பருமன். நோரீன் மூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"எங்க பிடிச்சீங்க இவனை?"

"பிடிக்கல. கிழட்டுப் பய. பனிக்காலம் முழுக்க எங்க வைக்கோல் பட்டில வந்து பிஸ்கட்டோட நின்னு தின்பான். பிஸ்கட் யாரையும் கிட்ட விடமாட்டான், இவனை மட்டும் விட்டான். போகும்போது வாடகை மாதிரி கொம்பைப் போட்டுட்டுப் போனான்."

பிஸ்கட் அவனுடைய குதிரை. பெயருக்கேற்ற நிறம். லைலின் மனைவி இறந்த பிறகு அவன் யாரிடமாவது முழு வாக்கியம் பேசினான் என்றால் அந்தக் குதிரையிடம்தான். விரல் போன அன்று ஏறியிருந்தது வேறொரு இளம் குதிரை. "பிஸ்கட்டா இருந்தா கல்லு மாதிரி நின்னுருப்பான், விரல் போயிருக்காது" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

"பிடி எப்ப வேணும்?" என்றாள் நோரீன்.

"தரை உறையறதுக்குள்ள."

எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும்தான். குதிரைக்கு வயதாகிப் பல் தேய்ந்துவிட்டால் வைக்கோலை மெல்ல முடியாது. மென்று மென்று உருண்டையாக்கித் துப்பிவிடும். வயிறு நிறையாமல் எங்கள் பனிக்காலத்தை எந்தக் குதிரையும் தாண்டாது. நின்றபடியே எலும்பாகி, ஏதோ ஒரு பனிப்புயலில் விழும். அதனால் மண் உறைவதற்கு முன்பே, குழி தோண்ட முடிகிற நாளிலேயே, சொந்தக்காரன் அதை முடித்துவைப்பான். பக்கத்து வீட்டானைக் கூப்பிட மாட்டான். டைகன் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக அதற்கு எடுப்பது இந்தத் துப்பாக்கியைத்தான். ஒரு கையில் குதிரையின் கயிறு, மறு கையில் இது. குதிரைக்குப் பழக்கமான ஆள், பழக்கமான குரல், ஒரே குண்டு. அது தெரிவதற்குள் முடிந்துவிட வேண்டும். கை நழுவினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

லைல் நோரீன் பக்கம் திரும்பினான். "நீதான் பல்லு செய்றவளாச்சே தாயி. பிஸ்கட்டுக்கு ஒரு செட் பண்ணிக் குடுத்துடேன். இந்தப் பிடியே வேணாம்."

"அளவெடுக்க வாயைத் தெறந்து வெச்சுக்குவானா?"

"நான் சொன்னாத் தெறப்பான்."

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை.

நோரீன் கையை நீட்டினாள். லைல் தன் வலது கையைக் கோட்டுப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகினான்.

"இரும்புக்குப் பொருந்துற மாதிரி செஞ்சா போதும். கையை எதுக்குப் பாக்கணும்? பாக்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான். எங்க அப்பா கைல இருந்தா எப்படி இருக்குமோ அப்படி."

"கை குடுக்காதவங்களுக்கு நான் செய்றதில்ல."

"அப்போ கொம்பைக் குடு, நான் கிளம்பறேன்."

வேறு எவனாக இருந்தாலும் கொம்போடு சேர்த்து அவனையும் வெளியே தள்ளியிருப்பாள். ஆனால் அந்தக் கொம்பை அவளால் கீழே வைக்க முடியவில்லை. விரலால் பட்டையைத் தடவிக்கொண்டே நின்றாள். "சரி, வெச்சுட்டுப் போங்க" என்றாள். அவள் சட்டம் உடைந்ததை நான் பார்த்தது அன்று மட்டும்தான். எங்கள் ஊர் ஆண்கள் எலும்பு முறிந்தால் சொல்வார்கள், கடன் வந்தால்கூடச் சொல்வார்கள். ஒரு சாமானைப் பிடிக்க முடியவில்லை என்று மட்டும் சாகும்வரை சொல்லமாட்டார்கள்.

ஒரு கொம்பை நெடுக்காகப் பிளந்து அவள் செய்த முதல் ஜோடி இருக்கிறதே, அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரி ஓடியது. தந்த நிறம் மேலே, பள்ளங்களில் காபி நிறம். இரும்பும் கொம்பும் சேருமிடத்தில் நகம் வைத்தால் தட்டாது. ஊரில் பாதிப் பேர் வந்து பார்த்தார்கள். நோரீன் தலைகால் புரியாமல் திரிந்தாள். நான் வெட்கத்தை விட்டு, படம் எடுத்துக் கடையில் மாட்டட்டுமா என்றுகூடக் கேட்டேன்.

லைல் வந்தான். பார்த்தான். "கச்சிதம்" என்றான். எடுத்துக்கொண்டு போனான்.

கதவு மூடியதும் நோரீன் என் பக்கம் திரும்பினாள். "எந்தக் கைல வாங்கினான் பாத்தியா?"

"கவனிக்கலியே."

"இடது கைல. கோட்டுலேர்ந்து வலது கை வெளிய வரவே இல்ல. யோவ், நான் செவுத்துல மாட்டற பொம்மையைச் செஞ்சு குடுத்திருக்கேன்."

அன்று முழுவதும் அவள் யாரையும் திட்டவில்லை. அது நல்ல அறிகுறி இல்லை. மறுநாள் காலை அந்த மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வண்டியில் வந்து உட்கார்ந்தாள். "கடையைப் பூட்டு. டைகன் பண்ணைக்குப் போகணும்."

பண்ணைக்குப் பின்னால் சரளை மேடு ஒன்று உண்டு. நாங்கள் வண்டியை நிறுத்தும்போதே வெடிச் சத்தம் கேட்டது. பட்டியைச் சுற்றிக்கொண்டு போனோம். லைல் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். எதிரே மேட்டில் ஒரு காபி டப்பா. இடது கையால் சுத்தியலை இழுத்து வைத்துவிட்டு, வலது கையை மட்டும் நீட்டிச் சுட்டான். குண்டு எங்கோ புல்லில் போயிற்று. ரிவால்வர் அவன் கையில் சோப்புக் கட்டி போல மேல்நோக்கிச் சுழன்று, விரல்களை விட்டு நழுவி, சரளையில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தபடியே நின்றான். குனிந்து எடுக்கவில்லை.

நோரீன்தான் போய் எடுத்தாள். ஒரு தகட்டின் கீழ்மூலை தெறித்துப் போயிருந்தது. நான் மனசுக்குள் ஐயோ என்றேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"எங்க கடிக்குது?" என்றாள்.

"கடிச்சாத்தான் பரவால்லயே," என்றான் லைல். "கடிச்சா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். இது நழுவுது."

"முதல்லயே சொல்ல என்ன கொள்ளை? உங்களுக்கு மட்டும் தனியா கொம்பா முளைச்சிருக்கு?"

"கொம்புதான் விரலைத் தின்னுச்சு," என்றான் லைல்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிஸ்கட் நின்றிருந்தது. துப்பாக்கிச் சத்தத்துக்கு அதன் காதுகூட அசையவில்லை, அவ்வளவு பழகிய குதிரை. அதன் காலடியில் மென்று துப்பிய வைக்கோல் உருண்டைகள் கிடந்தன. விலா எலும்புகளை என்னால் எண்ண முடிந்தது. லைல் அருகே போய் அதன் உதட்டை விலக்கிக் காட்டினான். சொன்னது போலவே அது வாயைத் திறந்தது. நோரீன் உள்ளே எட்டிப் பார்த்தாள். வாழ்க்கையில் பாதியை வாய்களுக்குள் பார்த்தே கழித்தவள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள் மெதுவாக.

"தெரியும். ஊறவெச்ச தீனி குடுத்துக் குடுத்து இழுத்துட்டிருக்கேன். குளிர் வந்தா அதுவும் போதாது." அவன் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டான். "ஒரே தடவைல முடியணும், தாயி. அவன் என்னை நம்பி நிப்பான். எனக்கு வேற எதுவும் வேணாம். ஒரே தடவைல முடியணும்."

அவள் வேலிக் கட்டைமேல் மாவைக் குழைத்தாள். "இப்பவாவது குடுங்க."

இந்த முறை அவன் கையைக் கொடுத்தான். மற்றவர்களிடம் செய்வது போலவே தடவிப் பார்த்தாள். அந்த மொட்டையும் மற்ற விரல்களைப் போலவே தொட்டு, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பரிதாபமும் இல்லை, கூச்சமும் இல்லை. "இதுல நல்ல வலு இருக்கே," என்றாள். "சும்மா இருக்கான் இவன். இவனுக்கு ஒரு வேலை குடுக்கணும்."

லைல் திரும்பி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

மிச்சமிருந்தது இரண்டாவது கொம்பு ஒன்றுதான். அதில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு உண்டு, கிளை விடப் பார்த்து விடாமல் போன குட்டை. பிடி செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் அரத்தை எடுத்து அதைத்தான் வழிப்பார்கள். நோரீன் லைலின் கை அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொம்பை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கரிக்கோட்டை அழித்து அழித்துப் போட்டாள். ஒரே வெட்டு. தப்பினால் வேறு கொம்புக்குப் போக வேண்டும். வேறு கொம்பு உலகத்தில் நிறைய இருக்கிறது, பிஸ்கட்டோடு நின்று வைக்கோல் தின்ற மானின் கொம்பு இல்லை.

வெட்டும்போது என்னை வெளியே போகச் சொன்னாள். ரம்பச் சத்தம் நின்ற பிறகும் அழைக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே எட்டிப் பார்த்தேன். இரண்டு துண்டுகளும் ஈரத்துணியில் கிடந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"தப்பிடுச்சா?"

"நான் எப்பய்யா தப்பியிருக்கேன்?" என்றாள் கண்ணைத் திறக்காமலே. ரம்பத்தை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை.

பிறகு தினமும் அரமும் நீலத்தாளும்தான். முடிச்சு இடது பக்கத் தகட்டில், மேலே, அந்த மொட்டு வந்து நிற்கும் இடத்தில் அப்படியே இருந்தது. வலது பக்கத்தை உள்ளங்கைக்காக ஒல்லியாக்கினாள். இடது பக்கத்தைப் பருமனாகவே விட்டு, விரல்நுனிகள் பிடிக்கப் பட்டையின் மேடுகளைத் தேய்க்காமல் விட்டாள். முடிவில் பார்த்தால் ஒரு கன்னம் வீங்கிய ஆள் மாதிரி இருந்தது.

"ஏம்மா, எவ்வளவு அழகா முதல் ஜோடி செஞ்சே. இது என்ன, பல் வலிக்காரன் மூஞ்சி மாதிரி?"

"பல்லு பாக்க அழகா இருந்து என்ன பண்றது? திங்க வேணாமா?"

லைல் வந்தபோது நீலப் பொடியை அவன் உள்ளங்கையில் தடவிப் பிடிக்கச் சொன்னாள். எங்கே நீலம் அழுத்தமாக விழுந்ததோ அங்கே அரத்தால் ஒரு தடவை. மறுபடி பிடி, மறுபடி அரம். கடைசியில் அவனது மொட்டு முடிச்சுக்குக் கீழே போய்த் தானாகவே உட்கார்ந்துகொண்டது. அவன் கையை நீட்டினான். காலி ரிவால்வர்தான். ஆனாலும் நான் அவன் மணிக்கட்டையே பார்த்தேன். அது அசையவில்லை. தோளை உலுக்கினான், குலுக்கினான், தலைகீழாகக்கூடக் கவிழ்த்துப் பார்த்தான். அது விழவில்லை.

"அசிங்கமா இருக்கு," என்றான் லைல்.

"உங்க கையும்தான்," என்றாள் நோரீன்.

அவன் சிரித்தான். விரல் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே சரளை மேட்டுக்குப் போய்ச் சுட்டுப் பார்த்ததாகவும், காபி டப்பா சல்லடையாகிவிட்டதாகவும் போனில் சொன்னான். நோரீன், "அது கணக்கில்ல. வேலைக்கு எடுத்துட்டு வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அக்டோபர் கடைசியில் குளிர் இறங்கியது. காலையில் மாட்டுத் தொட்டிகளில் கண்ணாடி போல மெல்லிய பனி. அடுத்த பண்ணைக்காரன் தன் மண்வாரி வண்டியைக் கொண்டுபோய், வைக்கோல் பட்டிக்குப் பக்கத்தில் குழி எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்று தெரிந்தது. கடைக்கு வந்தவர்கள் அன்று வானிலையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. நோரீன் பின்னறையில் ஒரே அரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து லைல் வந்தான். சவரம் செய்து, நல்ல தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் வம்புக்கு இழுக்கவில்லை, அவனும் இழுக்கவில்லை. ரிவால்வரைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கோணியில் சுற்றியிருந்தான். மேசைமேல் வைத்தான். வலது கை கோட்டுப் பைக்குள் இல்லை.

நோரீன் வெளியே வந்தாள். மூடியைக் கழற்றினாள். கேட்காமல் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கேட்டாள், எல்லாரிடமும் கேட்பது போலவே.

"எங்கயாவது கடிச்சுதா?"

லைல் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கையை, அந்த மொட்டை, மறுபடி உள்ளங்கையை.

"ஒரே தடவைதான். என்னைப் பாத்துட்டே இருந்தான்," என்றான். கையை மேசைமேல் விரித்து வைத்து, "கைல எங்கயும் கடிக்கல, தாயி" என்றான்.

'எனக்குத் தெரியும்' என்று அவள் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அளவெடுக்கவில்லை. நான் போய்க் கடைக்கதவைச் சாத்தினேன்.